பழைய நூல் மில் ஷெட்டை இடிக்காமல் ஆபீஸாக மாற்ற வேண்டும், 200 டன் ஏசி இல்லாமல் முடியுமா?

பஞ்சாலைப்பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்து கோவையைச் சுற்றி மில்லாக முளைத்த 1930களில் தாத்தா கட்டிய சின்ன ஸ்பின்னிங் மில் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது, ஓட்டம் நின்று பதினோரு வருடம் ஆகிறது. 36,000 சதுர அடி நார்த் லைட் ஷெட் (ரம்பப் பல் மாதிரிக் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பார்த்த கண்ணாடி), இரும்புத் தூண்கள், சுண்ணாம்புக் காரையில் கட்டிய இரண்டடி செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சித்தப்பா இடித்துவிட்டு பில்டரிடம் கொடுக்கலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை, அதை அப்படியே வைத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆசை. ஒரு டிசைன் கம்பெனியைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கூரையை மறைத்து, ஜன்னலை எல்லாம் அடைத்து, 200 டன் ஏசி வைத்தால்தான் ஆள் உட்கார முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இடிக்காமல் விடுவதே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று படித்துவிட்டுத்தான் இதில் இறங்கினேன், இப்போது குழப்பமாக இருக்கிறது. இப்படி வேலை செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரை:
நான் பழைய கட்டடங்களில் வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட். முதலில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள் சார். இதே அளவுக்குப் புதுசாக கான்கிரீட் கட்டடம் எழுப்பினால், நம் ஊர் மேஸ்திரி கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி. அதாவது 720 டன் சிமெண்ட், 144 டன் கம்பி. ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் 600 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு டன் கம்பிக்கு இரண்டரை டன் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 800 டன் வந்துவிடும், செங்கலும் இடிக்கிற செலவும் இதில் சேரவில்லை. இடிக்காமல் விட்டால் இந்த 800 டன் மிச்சம். சரி, இப்போது அந்த 200 டன் ஏசி. சராசரியாக மணிக்கு 150 யூனிட் என்று குறைத்தே போடுகிறேன், நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள், மொத்தம் 3 லட்சம் யூனிட். நம் நாட்டு மின் கட்டமைப்பில் (கிரிட்) யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன். வருடத்துக்கு 210 டன் ஆச்சா? நாலே வருடத்தில் இடிக்காமல் சேர்த்தது எல்லாம் காலி. அதனால் கட்டடத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அது எப்படிச் சுவாசிக்கும்படி கட்டப்பட்டதோ அதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

நார்த் லைட்டை அடைக்கவே அடைக்காதீர்கள், பகலில் விளக்கே தேவைப்படாத வெளிச்சம் அது. ஆனால் அந்தக் கூரை இங்கிலாந்துக்காக யோசித்தது, அங்கே உச்சி வெயில் வடக்கே வரவே வராது. கோவை 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான் நிற்கும், கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும். கண்ணாடி செங்குத்தாக இருந்தால் மேலே ஒரே ஒரு அடி நீட்டி சன்ஷேடு போடுங்கள், ஜூன் மாத உச்சி வெயிலுக்குக்கூட நாலரை அடி உயரம் வரை நிழல் விழும். காலை, சாயங்கால வெயிலுக்கு மட்டும் பக்கவாட்டில் தடுப்பு வேண்டும். தெற்குப் பார்த்த சரிவு முழுக்க சோலாருக்கு என்றே செய்துவைத்த மாதிரி இருக்கும்.

நெதர்லாந்தில் டில்பர்க் என்று கம்பளி மில்கள் நிறைந்த ஊர், அங்கே 1932ல் கட்டிய ரயில் என்ஜின் ஷெட்டை 2019ல் நூலகமாகத் திறந்தார்கள், லோக்ஹால் என்று பெயர். அவ்வளவு பெரிய கூடத்தை முழுசாகச் சூடாக்கவில்லை, ஆள் உட்காரும் இடங்களை மட்டும் சூடாக்கி, பிரம்மாண்டமான திரைச்சீலைகளால் இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். அதையே நாம் குளிர வைப்பதற்குச் செய்யலாம். ஷெட்டுக்குள் தனி அறைகளாகக் கட்டி மீட்டிங் ரூம், சர்வர் ரூமுக்கு மட்டும் ஏசி, மற்ற இடமெல்லாம் காற்றாடியும் காற்றோட்டமும் போதும்.

ரிங்ஃப்ரேம்40:
தம்பி, நான் மில்லில் 31 வருசம் மெயின்டனன்ஸில் இருந்தவன். உங்க மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் இருந்திருக்குமே, அதை யாராவது பார்த்தார்களா? நூல் அறுந்து போகாமல் இருக்க ஸ்பின்னிங்கில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் என்று நிற்க வேண்டும், அதுக்காக வெளிக்காற்றைத் தண்ணீர் தூவலில் நனைத்து மேலே டக்ட் வழியாக உள்ளே விடுவோம், சூடான காற்று மெஷினுக்கு அடியில் தரைக்குள் ஓடும் டிரெஞ்ச், அதாவது கால்வாய் வழியாக ஃபேன் ரூமுக்குத் திரும்பிப் போகும். அந்த டிரெஞ்ச் ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு இருக்கும். மேலே ஸ்லாப் போட்டு மூடியிருப்பார்கள், மெஷினை எடுத்தப்புறம் தரையில் நீளமாகத் தெரியும். மாசி, பங்குனியில் மதியம் காற்று வறண்டு கிடக்கும்போது அந்த முறை நல்லா குளிர வைக்கும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே போதும். தண்ணீருக்குக் கூரையின் இரண்டு பல்லுக்கும் நடுவில் ஓடும் தகர ஓடையைச் சரி பண்ணித் தொட்டியில் மழையைப் பிடியுங்கள். அந்த ஓடைதான் எப்பவும் ஒழுகும், முதல் செலவு அங்கேதான்.

ஒன்று மட்டும் கேளுங்கள். டிரெஞ்சுக்குள் தனியாக இறங்க வேண்டாம், இரண்டு பக்கமும் ஸ்லாபைத் தூக்கி ஒரு நாள் காற்று போக விட்டு, மேலே ஆளை நிறுத்திவிட்டு இறங்குங்கள். அப்புறம், கூரை இரும்பு மேல் பஞ்சுத் தூசி விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அதைச் சுத்தமாக எடுக்காமல் வெல்டிங் ஆளை உள்ளே விடாதீர்கள், ஒரு பொறி போதும்.

தூண்பரிசோதகர்:
எல்லோரும் ஆசை காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் பயம் காட்ட வேண்டியிருக்கிறது. தூண் உருண்டையாக, உள்ளே கூடாக இருந்தால் வார்ப்பிரும்பாக இருக்கலாம். அதில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும், எதையும் போல்ட் போட்டோ பட்டை கட்டியோதான் பிடிக்க வேண்டும். சோலார் சதுர மீட்டருக்கு 12, 15 கிலோ ஏற்றும், அதைவிடக் கணவாய்க் காற்று அதைத் தூக்குவதுதான் பெரிய விஷயம், கூரையைத் தாங்கும் பழைய இரும்புச் சட்டம் (டிரஸ்) தாங்குமா என்று கணக்குப் போடாமல் ஏற்றக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை துளைக்கவோ, பிரஷர் வாட்டரில் கழுவவோ கூடாது, அந்த நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி மாற்ற வேண்டும், அதற்குத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இதெல்லாம் பணம். ஆனாலும் இடியுங்கள் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1797ல் கட்டிய ஆளிநார் மில், உலகத்திலேயே முதல் இரும்புச் சட்டகக் கட்டடம், 1987க்குப் பிறகு பாழாய்க் கிடந்து 2022ல் திறந்தார்கள். அதன் தூண் வார்ப்பிரும்புதான்.

சுண்ணாம்புக்காரை:
தூண் விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. சுவரைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன், சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல் மாவாக உதிரும்.

பஞ்சாலைப்பேரன்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி சனிக்கிழமை இரண்டு முனையிலும் ஸ்லாபைத் தூக்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டிரெஞ்ச் மூன்றடி அகலம், காய்ந்து கிடக்கிறது, சுவர் ஓரமெல்லாம் பஞ்சு அப்பிக் கட்டியாக நிற்கிறது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பஞ்சு இல்லாத இடமாகப் பார்த்து டிரெஞ்சின் வாயருகே பிடித்தோம், ஃபேன் எதுவும் ஓடாமலேயே புகை படுத்தவாக்கில் ஃபேன் ரூம் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சித்தப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தூண் உருண்டையாகத்தான் இருக்கிறது, தட்டினால் கூடு மாதிரி சத்தம் வருகிறது, இந்த வாரம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரச் சொல்லியிருக்கிறோம். பில்டரிடம் மாசக் கடைசி வரை நேரம் வேண்டும் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.