புதிதாக மாற்றிய கேஸ் பைப்தான் முதலில் ஓட்டையாகிறது, ஏன்?

கேள்வி:
எங்கள் ஆலையில் மண்ணுக்கடியில் 6 அங்குல ஸ்டீல் கேஸ் லைன் ஓடுகிறது, பழையது, மெக்னீசியம் ஆனோடு (பைப்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைத் துருவிலிருந்து காக்கும் உலோகக் கட்டி) போட்டிருக்கிறோம். பாய்லர் பக்கம் 4 வருடத்துக்கு முன் 3 மீட்டர் துண்டை வெட்டிப் புதுப் பைப் வைத்தோம். போன வாரம் அந்தப் புதுத் துண்டில்தான் கசிவு. தோண்டிப் பார்த்தால் வெல்டிங் ஓரம் டேப்புக்கு அடியில் ஈரம், பயறு அளவுக்குக் குழி. இரண்டு பக்கமும் பழைய பைப் நன்றாக இருக்கிறது! காப்பர் சல்பேட் எலெக்ட்ரோடை (பைப்பின் வோல்டேஜை ஒப்பிட்டு அளக்க மண்மேல் வைப்பது) வைத்து அளந்தால் -620 மில்லிவோல்ட். இன்னும் ஆனோடு போட்டால் சரியாகுமா?

பதில் 1:
ஆனோடை அப்புறம் பாருங்கள். துருவேறிய பழைய இரும்போடு பளபளப்பான புது இரும்பைச் சேர்த்துப் புதைத்தால் புதியதுதான் ஆனோடாகிக் கரையும், பாதுகாப்பு சரியாக இல்லாத லைனில் இது அடிக்கடி நடப்பது. பாதுகாப்புக்கு -850 அல்லது அதைவிட நெகட்டிவாக வர வேண்டிய இடத்தில் -620 என்றால் ஆனோடின் மின்னோட்டம் வேறெங்கோ ஒழுகக்கூடும். என் சந்தேகம், பாய்லர் அருகே உள்ள இன்சுலேட்டிங் ஜாயின்ட் (மண்ணுக்கடி லைனையும் கட்டடத்துப் பைப்பையும் மின்சாரம் கடக்காமல் பிரிக்கும் இணைப்பு) ஷார்ட் ஆகி, லைன் முழுக்க காப்பர் எர்த்திங்கோடு சேர்ந்துவிட்டது. எலெக்ட்ரோடை நகர்த்தாமல் ஜாயின்டின் இரு பக்கமும் அளந்து பாருங்கள், ஒரே ரீடிங் வந்தால் அதுதான். அதற்காகக் கட்டடத்துப் பக்க எர்த்திங்கை மட்டும் கழற்றிவிடாதீர்கள், அது ஆளைக் காப்பாற்றுவது.

பதில் 2:
டேப்பையும் விடக்கூடாது. வெல்டிங் மேட்டின் மேல் டேப் ஒட்டாமல் கூடாரம் போல் நிற்கும், உள்ளே தண்ணீர் தங்கும், டேப் மறைப்பதால் ஆனோடின் மின்னோட்டம் அங்கே எட்டாது. எத்தனை ஆனோடு போட்டாலும் அந்த இடத்துக்குப் பயனில்லை. இரும்பு தெரியும்வரை நன்றாகச் சுத்தம் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு, ஹாலிடே டெஸ்டர் (உறையில் உள்ள ஓட்டையை மின்சாரத்தால் கண்டுபிடிக்கும் கருவி) ஓட்டிப் பார்த்த பிறகுதான் மூடுங்கள். பைப்பைச் சுற்றிக் கல் இல்லாத மணல். இன்னொன்று, துண்டை வெட்டுவதற்கு முன் இரு பக்கத்தையும் தடித்த கேபிளால் இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரியும் நேரத்தில் பொறி பறக்கலாம். கேஸ் லைனில் இதை மறக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டோம். இரு பக்கமும் -620தான்! ஜாயின்டைத் தாண்டி யாரோ இரும்பு கேபிள் ட்ரே ஒன்றை இரு பக்கமும் கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கழற்றினோம், இரண்டு நாளில் லைன் பக்கம் -910.

பதில் 1:
நல்லது, ஆனால் அது ஆனோடு இணைப்பில் இருக்கும்போது எடுத்த ரீடிங், மண்ணில் ஓடும் மின்னோட்டத்தின் வோல்டேஜும் அதில் சேர்ந்திருக்கும். டெஸ்ட் பாக்ஸில் (ஆனோடு வயர்களை லைனோடு இணைக்கும் பெட்டி) எல்லா ஆனோடு வயரையும் ஒரே நேரத்தில் பிரித்து, பிரித்த அந்த நொடியில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அப்போதும் -850 அல்லது அதைவிட நெகட்டிவாக இருந்தால் புது ஆனோடு வேண்டாம்.