களைக்கொல்லி எச்ச வரம்பு: வயல் எண்ணிலிருந்து சிறுநீரகம் வரை கணக்கு எப்படி?

மருதநிலா:
தானியப் பயிரில் தெளிக்கும் களைக்கொல்லி ஒன்றுக்கு எம்ஆர்எல் (உணவில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச எச்ச வரம்பு) முன்மொழிய வேண்டும். எட்டு வயல்களில் தானிய எச்சம், மி.கி./கிலோவில்: 0.05, 0.08, 0.10, 0.12, 0.15, 0.18, 0.22, 0.30. அதிகபட்சமான 0.30-ஐயே வரம்பாக வைத்தால் போதாதா? இல்லை, ஏடிஐ-யிலிருந்து (வாழ்நாள் முழுதும் தினமும் உட்கொண்டாலும் பாதுகாப்பான அளவு) பின்னோக்கிக் கணக்கிட வேண்டுமா?

இதே பயிர் பசுந்தீவனமாகவும் போகிறது. அதில் அதிகபட்சம் கிலோவுக்கு 2 மி.கி. கறவை மாட்டுச் சோதனையில் உலர் தீவனத்துக்குக் கிலோவுக்கு 10, 30, 100 மி.கி. என 28 நாள் கொடுத்திருக்கிறார்கள். 10 மி.கி. குழுவில் சிறுநீரகத்தில் அதிகபட்சம் 0.12. பாலில் எதுவும் தென்படவில்லை.

வரப்பு:
ஏடிஐ-யிலிருந்து தொடங்காதீர்கள். எம்ஆர்எல் நச்சு எல்லை அல்ல. லேபிளில் சொன்னபடி தெளித்தால் எச்சம் எவ்வளவு வரும் என்பதன் அளவுகோல். சோயாவில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு 20 மி.கி./கிலோ என்றால், 20-க்கு மேல் போனதும் விஷம் என்று பொருளில்லை.

0.30-உம் போதாது. எட்டு வயலில் கண்ட உச்சம் அது. ஒன்பதாவது வயல் அதைத் தாண்டலாம். எம்ஆர்எல் கணக்கிட உதவும் ஓஇசிடி அமைப்பின் கணிப்பான் மூன்று எண்களை எடுத்து எது பெரிதோ அதை வைத்துக்கொள்ளும்: கண்ட உச்சம், சராசரியுடன் நான்கு திட்டவிலக்கம், சராசரியின் மூன்று மடங்கு. உங்கள் சராசரி 0.15, திட்டவிலக்கம் 0.082. ஆக 0.30, 0.48, 0.45. மேல்நோக்கி முழுமையாக்கினால் 0.5. அளவிடும் வரம்புக்குக் கீழே நிறைய முடிவுகள் இருந்தால் மூன்றாவது எண்ணைக் கணிப்பானே குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஏடிஐ பிறகுதான் வரும். நீண்டகால உட்கொள்ளலுக்கு இடைநிலை எண்ணான (வரிசையின் நடு மதிப்பு) 0.135-ஐ உணவு அளவால் பெருக்கி, எல்லா உணவுக்கும் கூட்டி, ஏடிஐ-யோடு ஒப்பிட வேண்டும். 0.5-ஐப் போட்டுப் பெருக்குவது வழக்கமான பிழை. ஏஆர்எஃப்டி (ஒரே நாளில் உட்கொள்ளத்தக்க பாதுகாப்பு எல்லை) வகுத்திருந்தால் ஒருநாள் கணக்கையும் தனியாகப் பாருங்கள். இதில் தாண்டினால் எம்ஆர்எல்லைக் குறைத்து எழுதிப் பயனில்லை. தெளிக்கும் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே நாளைக் கூட்ட வேண்டும்.

தொழுவம்:
மாட்டுக் கணக்கில் பலர் சறுக்குவது ஈரப்பதத்தில். 2 மி.கி. என்பது பச்சை எடையில். தீவனத்தில் உலர்பொருள் 25% என்றால் அது 8 மி.கி. ஆகிவிடும். உணவில் 60% பசுந்தீவனம், 40% தானியம் என்று வைத்துக்கொள்வோம். தானியம் பல வயல்களிலிருந்து கலந்து வருவதால் அதற்கு இடைநிலை எண். பசுந்தீவனம் ஒரே வயலிலிருந்து வரக்கூடியது, அதனால் உச்சம்.

பசுந்தீவனம்: 8 × 0.6 = 4.8. தானியம் (உலர்பொருள் 88%): 0.135 ÷ 0.88 × 0.4 = 0.06. மொத்தச் சுமை 4.86 மி.கி. இது மிகக் குறைந்த அளவான 10-க்கும் கீழே இருப்பதால் விகிதப்படி: 0.12 × 4.86 ÷ 10 = 0.058. சிறுநீரகத்துக்கு 0.06 வைக்கலாம். சுமை 10-க்கும் 30-க்கும் நடுவே விழுந்திருந்தால் இரண்டு குழுக்களுக்கும் இடையே இடைக்கணிப்பு. ஈரல், தசை, கொழுப்புக்கும் இதே வழி. பாலுக்கு மட்டும் உச்சம் வேண்டாம், குழுவின் சராசரி. அதுவும் 100 மி.கி. குழுவிலேயே தென்படவில்லை என்றால் ஆய்வுமுறையின் அளவிடும் வரம்பையே எம்ஆர்எல்லாக வைப்பார்கள்.

நுண்துளி:
எண்ணை நம்புவதற்கு முன் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். எச்சத்தின் வரையறையில் தாய் மூலக்கூறு (தெளித்த மருந்து) மட்டுமா, அது சிதைந்து உருவாகும் பொருளும் சேருமா? களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்றுப் பயிர் சிலவற்றில் கிளைபோசேட் என்-அசிட்டைல் கிளைபோசேட்டாக மாறிவிடும். தாயை மட்டும் அளந்தால் பாதி கதைதான். 2,4-டி போன்ற அமிலக் களைக்கொல்லிகளுக்குக் கெச்சர்ஸ் என்ற மாதிரித் தயாரிப்பு முறையில் பிஎஸ்ஏ என்ற சுத்திகரிப்புத் தூள் போட்டுச் சுத்திகரித்தால் அந்தத் தூளே மருந்தைப் பிடித்துக்கொள்ளும், முடிவு பொய்யாகக் குறையும். மீட்சி (மாதிரியில் சேர்த்த மருந்தில் ஆய்வில் திரும்பக் கிடைத்த பங்கு) 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருக்கிறதா? உறைநிலையில் மாதிரி கிடந்த காலத்துக்கு நிலைத்தன்மைச் சான்று உண்டா? இரண்டும் இல்லாமல் கணிப்பானைத் திறக்க வேண்டாம்.

மருதநிலா:
மீட்சி சரி, நிலைத்தன்மைச் சான்றும் இருக்கிறது. ஆனால் பழைய அறிக்கையைப் புரட்டியதில் ஒன்று: 0.22, 0.30 வந்த இரண்டு வயல்களிலும் களைக்காக அல்ல, அறுவடைக்கு முன் பயிரைக் காயவைக்கத் தெளித்திருக்கிறார்கள்.

வரப்பு:
அப்படியானால் என் 0.5 செல்லாது. வெவ்வேறு பயன்பாட்டு முடிவுகளை ஒரே கூடையில் போடக்கூடாது. மீதி ஆறில் சராசரி 0.113; மூன்று மடங்கு 0.34, நான்கு திட்டவிலக்கக் கணக்கு 0.30. களைக்கான பயன்பாட்டுக்கு 0.4, இடைநிலை 0.11. ஆறு என்பது கொஞ்சம் மெலிந்த தொகுதிதான். குறைந்தது எட்டு வயல் இருந்தால் நல்லது. காயவைக்கும் பயன்பாட்டுக்கு இரண்டே வயல் இருக்கிறது, கணிப்பானுக்குக் குறைந்தது மூன்று வேண்டும். புதுச் சோதனை நடத்துங்கள், அல்லது அந்தப் பயன்பாட்டை லேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தொழுவம்:
தானியத்தின் இடைநிலை மாறினாலும் மாட்டுச் சுமை அசையாது, அதன் பங்கு அவ்வளவு சிறியது. ஆனால் காயவைக்கும் பயன்பாட்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் வைக்கோலையும் அளந்தாக வேண்டும். மருந்து நேரே அதன்மேல்தான் விழுகிறது, உலர்பொருளும் அதிகம், சிறுநீரகத்தின் 0.06 அப்போது நிற்காமல் போகலாம்.