‘ஜெய்ஹிந்த்’ முதலில் சொன்னது யார்?

கேள்வி: செண்பகராமன் பிள்ளைதான் ‘ஜெய்ஹிந்த்’ தந்தவர் என்று பள்ளியில் படித்தேன். நேற்று ஒரு நண்பர், இல்லை, நேதாஜியுடன் இருந்த அபித் ஹசன்தான் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?

பதில் 1: செண்பகராமன்தான், சந்தேகமே வேண்டாம். 1907லேயே மாணவராக முழங்கினார் என்பார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர், ஜெர்மனி போய் அங்கேயே 1934ல் இறந்தவர்.

பதில் 2: ‘என்பார்கள்’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! அபித் ஹசன் பக்கக் கதை இன்னும் தெளிவானது. அவர் ஹைதராபாத்காரர், ஜெர்மனியில் பொறியியல் படித்தவர், 1943ல் நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்தவரும் அவரே. அதற்கு முன் ஜெர்மனியில் திரட்டிய படையில் இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லாரும் அவரவர் முறையில் வணக்கம் சொல்ல, நேதாஜி எல்லாருக்கும் பொதுவாக ஒன்று கேட்டிருக்கிறார். அப்போது வந்ததுதான் ‘ஜெய்ஹிந்த்’. அதாவது அது முதலில் முழக்கமே இல்லை, முகமன்.

பதில் 3: இரண்டும் உண்மையாக இருக்கலாமே. இரண்டு சிறு சொற்கள், இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றாதா என்ன? எனக்கு அந்தச் சேர்க்கைதான் பிடிக்கும்: ‘ஜெய்’ சமஸ்கிருதம், ‘ஹிந்த்’ சிந்து நதியின் பெயர் பாரசீகத்தில் திரிந்தது. நவம்பர் 1947ல் வந்த சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலையிலேயே, கொடிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: சரி, நண்பரிடம் பாதித் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.