மகளுக்கு நெட்பால் பிப் கொடுத்திருக்கிறார்களா? சிட்னிக்குப் புதிதாக வந்த பெற்றோருக்குச் சில விஷயங்கள்

ஜனவரியில் சிட்னிக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு இந்நேரம் பள்ளியிலிருந்தோ பக்கத்துக் கிளப்பிலிருந்தோ நெட்பால் (வலைப்பந்தாட்டம்) பதிவு பற்றி ஒரு அறிவிப்பு வந்திருக்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே அறிவிப்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. திருச்சியில் எறிபந்தும் கூடைப்பந்தும் பார்த்து வளர்ந்த நான், கூடைப்பந்துக்குத்தான் இங்கே இப்படிப் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை என் மகளுக்கு ஒன்பது வயது. பந்தைப் பிடித்தாள், தரையில் தட்டிக்கொண்டே ஓடினாள். விசில். மறுபடி பிடித்தாள், நான்கு எட்டு வைத்தாள். விசில். மூன்றாவது முறை கையில் பந்தே இல்லை, ஒரு கோட்டைத் தாண்டி நின்றாள், அவ்வளவுதான். அதற்கும் விசில். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால் அந்தக் காலைப் பொழுது அவளுக்கு அப்படிப் போயிருக்காது. உங்கள் குழந்தைக்கு அது நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு விளையாட்டைச் சொல்லித் தந்தவர் அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. பள்ளி நாட்களில் கோல் கீப்பராக ஆடியவர். தமிழ்நாட்டிலிருந்து வரும் நமக்குத்தான் இது புதிது. இலங்கையில் வலைப்பந்தாட்டம் என்றால் பெண்கள் பள்ளிகளில் தெரியாதவர் இல்லை. இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு உருவானதே 1960இல் இலங்கையில் நடந்த மாநாட்டில்தான். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், ஆறே முக்கால் அடிக்கும் மேல் உயரமானவர், இலங்கை அணிக்காக 2019இல் லிவர்பூல் உலகக் கோப்பையில் கோல் ஷூட்டராக ஆடினார். மெல்பேர்னில் கிளப் அணிக்கும் ஆடியவர். உங்கள் தெருவிலும் ஒரு ஈழத்து அக்காவோ மாமியோ இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள்.

அந்த அக்கா செய்ததை அப்படியே சொல்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் கோலமாவால் ஆடுகளத்தைச் சின்னதாக வரைந்தார். நீள்சதுரம் ஒன்று, குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு மூன்று சம பாகம். இரண்டு முனைகளிலும் கம்பத்துக்கு முன்னால் அரைவட்டம், நட்ட நடுவில் சின்ன வட்டம். உண்மையான ஆடுகளம் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம். அரைவட்டத்தின் ஆரம் 4.9 மீட்டர், கம்பத்தின் உயரம் 3.05 மீட்டர். கம்பத்தில் வளையம் மட்டும்தான், பின்னால் பலகை கிடையாது. பலகையில் மோதி உள்ளே விழும் என்று கூடைப்பந்துப் பிள்ளைகள் எறியும் பந்தெல்லாம் இங்கே வெளியே போய்விடும்.

ஒரு அணிக்கு ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். பிறகு ஏழு காகிதத் துண்டுகளில் அந்த ஏழு இடங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக என் மகளின் சட்டையில் குத்தி, நீ இப்போது இவள், உன் எல்லைக்குள் நடந்து காட்டு என்றார். அவளும் கோலமாவுக் கோடுகளை மிதிக்காமல் நடந்து காட்டினாள். அரைமணி நேரத்தில் முடிந்த பாடம் அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அந்த ஏழு பேரைச் சொல்கிறேன். சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் துணிதான் பிப், அதில் அந்த இடத்துப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் இருக்கும். கோல் ஷூட்டர் என்றால் ஜிஎஸ். எதிரணியின் கம்பம் இருக்கும் முன் பாகமும் அதன் அரைவட்டமும் மட்டும் அவளுடையது. கோல் அட்டாக், ஜிஏ, அதோடு நடுப் பாகத்துக்கும் வரலாம். கோல் போடும் உரிமை இந்த இருவருக்கு மட்டுமே. விங் அட்டாக் நடுப் பாகத்திலும் முன் பாகத்திலும் ஓடலாம், அரைவட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. ஷூட்டர்களுக்குப் பந்து ஊட்டுவது அவள் வேலை. சென்டர் இரண்டு அரைவட்டங்களைத் தவிர எங்கும் போகலாம், ஆகவே அதிகம் ஓடுபவளும் அவளே. விங் டிஃபென்ஸ் நடுப் பாகத்திலும் தன் கம்பம் இருக்கும் பின் பாகத்திலும், அரைவட்டம் நீங்கலாக. கோல் டிஃபென்ஸுக்கு அதே எல்லை, அரைவட்டமும் சேர்த்து. கோல் கீப்பருக்குப் பின் பாகமும் அரைவட்டமும். இப்போது எதிரணியைத் திருப்பி வைத்துப் பாருங்கள்: கோல் ஷூட்டருக்கு எதிரே கோல் கீப்பர், கோல் அட்டாக்குக்கு கோல் டிஃபென்ஸ், விங் அட்டாக்குக்கு விங் டிஃபென்ஸ், சென்டருக்கு சென்டர். ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி. எல்லை தாண்டினால் ஆஃப்சைடு. கையில் பந்து இல்லாவிட்டாலும் தவறுதான். என் மகள் அன்று வாங்கிய மூன்றாவது விசில் இதற்குத்தான்.

விதிகளில் குழந்தைகள் அதிகம் தடுமாறுவது கால் விஷயத்தில். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பந்தோடு ஓடக்கூடாது, தட்டிக்கொண்டும் போகக்கூடாது. அந்தரத்தில் பந்தைப் பிடித்து வலது காலில் இறங்கினாள் என்று வையுங்கள். அந்த வலது கால்தான் இறங்கிய கால். இடது காலை எடுத்து முன்னால் வைக்கலாம். வலது காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் தூக்கிய வலது கால் மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அல்லது வலது காலை ஊன்றியபடி இடது காலால் எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளலாம். இரண்டு காலிலும் ஒன்றாக இறங்கினால், எதை முதலில் எடுக்கிறாளோ அதற்கு அடுத்த கால் இறங்கிய காலாகிவிடும். ஊன்றிய காலை இழுக்கவோ அதில் நொண்டியடிக்கவோ கூடாது. வாசலில் நின்று, நீங்கள் பந்தைப் போட, அவள் பிடித்து இறங்கியதும் எந்தக் கால் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐம்பது முறை செய்தால் உடம்புக்குப் பழகிவிடும்.

பந்தைப் பிடித்த மூன்று வினாடிக்குள் அனுப்ப வேண்டும் அல்லது கோலுக்கு எறிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் பிரிவில் சற்று அவகாசம் தருவார்கள். பந்து வைத்திருப்பவளைத் தடுப்பவள், அவளுடைய இறங்கிய காலிலிருந்து 0.9 மீட்டர், அதாவது மூன்றடி, தள்ளி நின்றுதான் கையைத் தூக்க வேண்டும். நெருங்கினால் தடுப்புத் தவறு. இடித்தாலோ தள்ளினாலோ தொடுகைத் தவறு. இரண்டுக்கும் தண்டனை ஒன்றே: தவறு செய்தவள் எறிபவளின் பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், பந்து கையை விட்டுப் போகும்வரை ஆட்டத்தில் கலந்துகொள்ளக்கூடாது. இப்படி நிற்க வைப்பதைப் பார்த்து என் கணவர், குழந்தையை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்களே என்று கோபப்பட்டார். அவமானம் ஒன்றும் இல்லை. உலகக் கோப்பையில் ஆடுபவர்களும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை அப்படி நிற்கிறார்கள்.

இன்னும் இரண்டு விதிகள் தெரிந்தால் ஓரத்தில் நின்று பார்க்கும்போது ஆட்டம் புரிந்துவிடும். ஒரு முழுப் பாகத்தைத் தாண்டிப் பந்தை எறிய முடியாது. ஒவ்வொரு பாகத்திலும் யார் கையாவது அதைத் தொட வேண்டும். அதனால்தான் நீளமாக ஒரே வீச்சில் கம்பத்துக்கு அனுப்ப வழியில்லை, எல்லாரும் தேவைப்படுகிறார்கள். அடுத்தது சென்டர் பாஸ். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடு வட்டத்திலிருந்து ஆட்டம் தொடங்கும். யார் கோல் போட்டாலும் இரண்டு அணிகளும் மாறி மாறித்தான் தொடங்கும். விசில் அடித்த பிறகே மற்றவர்கள் நடுப் பாகத்துக்குள் ஓடிவரலாம். அந்த முதல் பந்து நடுப் பாகத்துக்குள்ளேயே பிடிபட வேண்டும் அல்லது யார் கையிலாவது பட வேண்டும். பெரியவர்கள் ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள், பிள்ளைகளுக்குக் குறைவு.

இப்போது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் மகளுக்கு விங் டிஃபென்ஸ் பிப் கொடுத்தார்கள். கோல் போட முடியாத இடம், பின்னால் நிற்கும் இடம், புதிதாக வந்த பிள்ளை என்பதால் ஓரங்கட்டுகிறார்கள் என்று எனக்கு மனம் கொதித்தது. பயிற்சியாளரிடம் போய் ஷூட்டராகப் போடும்படி கேட்டேன். அவர் பொறுமையாக, சின்னப் பிள்ளைகளை எல்லா இடத்திலும் சுழற்சியில் ஆடவைப்போம் என்றார். அன்று மாலை அக்கா என்னைத்தான் கண்டித்தார். எதிரணி சென்டர் பாஸ் எடுக்கும்போது அவர்களுடைய விங் அட்டாக்கை மறித்து, அரைவட்ட விளிம்புக்குப் பந்து வராமல் பார்த்துக்கொள்பவள் விங் டிஃபென்ஸ். நம் அணி பந்தோடு சிக்கிக்கொண்டால் பின்னால் பாதுகாப்பாக வாங்கிக்கொள்பவளும் அவள்தான். அடுத்த ஆட்டத்தில் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணிப் பெண் இடப்பக்கம் சாய்வதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்ந்தாள். இவள் அசையாமல் நின்று, பந்து கிளம்பிய கணத்தில் ஒரு எட்டு முன்னால் வந்து விரல் நுனியால் தட்டிவிட்டாள். கோல் கணக்கில் அது எழுதப்படாது. ஆனால் அவள் திரும்பி என்னைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்றுவரை விரும்பிக் கேட்டு வாங்கும் பிப் அதுதான். தயவுசெய்து பிப்பைப் பார்த்துப் பிள்ளையை எடை போடாதீர்கள், அவள் காதுபடக் குறையாகப் பேசவும் பேசாதீர்கள்.

வீட்டில் பழக்க ஒரு பந்தும் ஒரு சுவரும் போதும். மார்பிலிருந்து இரு கைகளால் தள்ளும் செஸ்ட் பாஸ், தோளுக்கு மேலிருந்து ஒரு கையால் எறியும் ஷோல்டர் பாஸ், தரையில் ஒருமுறை குத்தி அனுப்பும் பவுன்ஸ் பாஸ், தலைக்கு மேலே வளைத்து அனுப்பும் லாப். முதல் இரண்டும் சரளமானால் சின்ன வயது ஆட்டத்துக்குப் பெரும்பாலும் போதும். பிடிக்கும்போது விரல்களை விரித்து, பந்தை எதிர்கொண்டு போய் வாங்கி, உடனே நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். நின்ற இடத்தில் காத்திருந்தால் இன்னொருத்தி பறித்துவிடுவாள். கோல் எறியும்போது பந்து உள்ளங்கையில் படக்கூடாது, விரல்களில் நிற்க வேண்டும். முழங்கை வளையத்தை நோக்கி, முழங்கால் லேசாக மடங்கி, மணிக்கட்டைச் சொடுக்கி உயரமாக வளைத்து விட வேண்டும். பந்து மேலிருந்து இறங்கினால்தான் பலகை இல்லாத வளையத்துக்குள் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், குதித்து இறங்குவது. திடீரென்று ஓடி, திடீரென்று நிற்கும் ஆட்டம் இது. முழங்கால் தசைநார் கிழிவது இதில் தெரிந்த ஆபத்து. முழங்கால் மடங்கி, மெத்தென்று, கால்விரல் நேராகப் பார்க்க இறங்கப் பழக்குங்கள். நெட்பால் ஆஸ்திரேலியா இதற்கென்றே ‘நீ புரோகிராம்’ (KNEE, அதாவது முழங்கால்) என்ற உடற்பயிற்சி முறையை இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் பயிற்சியாளர் அதைச் செய்யவைக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இதற்கு முன் என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றையும் சேர்த்துவிடுகிறேன்.

நகை பற்றி: தோடு, வளையல், கொலுசு, கையில் கட்டிய கோயில் கயிறு எதுவும் கூடாது. விரலை நிமிர்த்தி உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் நகம் தெரியக்கூடாது. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொருவராகப் பார்ப்பார். காதுகுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் ஆட்டப் பருவம் முடிந்த பிறகு வையுங்கள். புதிதாகக் குத்திய காதில் தோட்டைக் கழற்றவும் முடியாது, போட்டுக்கொண்டு ஆடவும் விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இதனால் ஐந்து சனிக்கிழமை வெளியே உட்கார்ந்தாள்.

உடை பற்றி: குட்டைப் பாவாடை என்று தயங்கும் தாய்மார் பலர். அதன் கீழே கால்முழுதும் மூடும் லெகிங்ஸ் போட அனுமதியுண்டா, அரைக்கால்சட்டை போடலாமா என்று கிளப்பில் கேளுங்கள். பல இடங்களில் தடையில்லை. இதற்காகப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

வயது பற்றி: ஐந்திலிருந்து பத்து வயது வரை ‘நெட்செட்கோ’ என்ற தொடக்கத் திட்டம் இருக்கிறது. 4ஆம் எண் பந்து, 2.4 மீட்டர் கம்பம், தளர்ந்த விதிகள். அதற்கு மேல் 5ஆம் எண் பந்து. சிறு வயதுப் பிரிவுகளில் பல கிளப்புகளில் பையன்களும் சேர்ந்து ஆடுகிறார்கள்.

கட்டணம் பற்றி: நியூ சவுத் வேல்ஸ் அரசு தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறது. வருமானத்தைப் பொறுத்தது, தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பணம் கட்டுமுன் அரசு தளத்தில் பார்த்துவிடுங்கள். கிளப்புகள் பழைய ஷூக்களையும் சீருடைகளையும் கைமாற்றிக் கொடுப்பதும் வழக்கம்.

பெற்றோர் வேலை பற்றி: முறை வைத்து ஸ்கோர் எழுத வேண்டும், இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுபோக வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று ஒதுங்காதீர்கள். ஸ்கோர் தாளில் ஒரு கோலுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதல் நான்கு பேரை நான் அந்த மேசையருகில்தான் சம்பாதித்தேன். விசில் ஊதுபவரைப் பார்த்து ஓரத்திலிருந்து கத்தவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நடுவராக இருப்பது பல நேரம் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண், அவளும் கற்றுக்கொண்டிருக்கிறாள். என் மகள் இந்த ஏப்ரலில் அந்த விசிலை வாங்கிக்கொள்ளப் போகிறாள். கோலமாவு டப்பாவை மறுபடி எடுத்து வைத்திருக்கிறோம். இந்த முறை வரையப் போவது அவள், நடந்து காட்டப் போவது எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் கோயம்புத்தூர்க் குழந்தை.