ஸ்கோபஸில் இரண்டாகப் பிரிந்த பெயரை ஒன்றாக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

முதலில் பெயர்ச் சிக்கல். நமக்கு இனிஷியல்தான் முன்னால் வரும். சில கட்டுரைகளில் அப்படியே அச்சாகியிருக்கிறது. சிலவற்றில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வரும் மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளம் இதை இரண்டு ஆட்களாக எடுத்துக்கொண்டு மேற்கோள்களையும் பிரித்துவிட்டது. கூகுள் ஸ்காலரில் நானே கட்டுரைகளைச் சேர்த்துவிட்டேன். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணும் வாங்கியாயிற்று. ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கியவர்கள் இருக்கிறீர்களா? பழைய கட்டுரைகளின் நகல் கேட்பார்களா? எவ்வளவு நாள் ஆகும்?

அப்புறம், எனக்கு மனசு ஆறாத விஷயம். பதவி உயர்வைப் பரிசீலிக்கும் எங்கள் குழுவில், ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் எச்-இண்டெக்ஸை எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோலாகப் பார்க்கிறார்கள். 2005இல் அதை முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே, துறைக்குத் துறை அது மாறும் என்று எழுதியிருக்கிறார். வேதியியல் கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் பக்கக்கணக்கில் நீளும். கணிதத்தில் பட்டியலே சின்னது, கட்டுரை அச்சேறவும் காலம் பிடிக்கும். எங்களையும் அவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமே இல்லை.

அதே துறை, அதே வருடக் கட்டுரைகளோடு ஒப்பிடும் அளவு ஸ்கோபஸிலேயே உண்டு. அதில் 1 என்றால் உலகச் சராசரி. அதை இணைத்துக் குழுவை ஏற்கவைத்தவர்கள் கடிதத்தை எப்படி எழுதினீர்கள்? ஒரு மாதிரி கிடைத்தால் போதும். மதுரைக்குள் இருப்பவர் என்றால் நேரிலேயே வந்து பார்க்கிறேன்.