மூர்லேண்டுக்கு ‘மேட்டுவெளி’: சைக்கிள் வழிக்குறிப்புக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பிரிட்டனின் மேட்டுப்பகுதிகளில் மரமின்றித் திறந்து கிடக்கும் நிலத்தை ஆங்கிலத்தில் மூர்லேண்ட் என்கிறார்கள். சைக்கிள் வழிக்குறிப்புகளைத் தமிழில் எழுத அதற்கு ஒரு சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் தரிசு, சதுப்பு நிலம், முல்லை, புதர்க்காடு, வன்புலம். இவற்றை எடைபோட இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொண்டேன். 1952இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. அதன் நடுவே ரோஸ்டேல் அபே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து சுமைப்பைகளோடு சைக்கிளில் கிளம்புகிறவர் தமிழ் வழிக்குறிப்பில் இந்தச் சொல்லைப் படித்தால், மேலே என்ன காத்திருக்கிறது என்று அவருக்குப் புரியவேண்டும். என் அளவுகோல் இதுதான். அதன்படி நான் முன்வைக்கும் சொல் ‘மேட்டுவெளி’.

தரிசு பொருந்தவே பொருந்தாது. பயிரிடாமல் விட்ட வயலைத்தான் நாம் தரிசு என்கிறோம். மூர்லேண்ட் அப்படிக் கைவிடப்பட்ட நிலமில்லை. வரலாற்றுக்கு முந்தைய காலத்திலேயே அங்கே காடு அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆட்டு மேய்ச்சலும், ஹெதர் புதர்களைப் பகுதி பகுதியாக எரித்துத் துளிர்க்கவிடும் வழக்கமும் மரம் முளைக்க இடம் கொடுக்கவில்லை. எரித்த ஆண்டைப் பொறுத்து உயரம் மாறுவதால் மலைச்சரிவே துண்டு துண்டாகத் தெரியும். இப்படி எரிப்பது முக்கியமாகக் குரவுஸ் என்ற வேட்டைப் பறவைக்காக. அதன் வேட்டைக்காலம் ஆகஸ்ட் 12இல் தொடங்குகிறது. இவ்வளவு வேலை நடக்கிற நிலத்தைத் தரிசு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சதுப்பு நிலம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மழைநீர் வடியாத இடங்களில் செடிகள் முழுதாக மட்காமல் கரிமண்ணாகப் படிந்து கிடக்கும். அங்கே கால் வைத்தால் புதையும். ஆனால் வடிகால் உள்ள இடங்கள் காய்ந்தே இருக்கும். அதுபோக, சதுப்பு என்றதும் நம் மனம் தாழ்வான இடத்துக்குப் போய்விடுகிறது. முல்லை பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அது காடும் காடு சார்ந்த இடமும்; மரமே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

வன்புலத்தைத்தான் எளிதில் விட மனமில்லை. சங்கப் பாடல்களில் வயலும் கடற்கரையும் மென்புலம், மலையும் காடும் வன்புலம். ஏர் எளிதில் இறங்காத நிலம் என்ற பொருள் மூர்லேண்டுக்கு அழகாகப் பொருந்துகிறது. இன்று யாரும் பேச்சில் வழங்காத சொல் என்பதால் புதுப்பொருள் ஏற்றவும் தடையில்லை. அதை முன்மொழிந்த நண்பருக்கு என் நன்றி. ஆனாலும் இரண்டு தடைகளை என்னால் தாண்ட முடியவில்லை. அடர்ந்த மலைக்காடும் வன்புலம்தான்; ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு மூர்லேண்டின் முதல் அடையாளமே மறைப்பு இல்லாததுதான். வேலியோ மரமோ இல்லாத மலைமுகட்டில் எதிர்க்காற்று அடித்தால் சமதரைகூட ஏற்றம் போலக் கனக்கும்; மழை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. இதை வன்புலம் சொல்வதில்லை, ‘வெளி’ சொல்கிறது. இன்னொன்று, வன்புலத்துக்கு விளக்கம் தேவைப்படும். வழியில் நின்று அவசரமாகப் படிக்கிறவருக்கு அகராதி தேட நேரம் ஏது?

புதர் என்ற சொல்லைச் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் முதலில் ‘மேட்டுப் புதர்வெளி’ பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் எல்லா மூர்லேண்டிலும் ஒரே செடி வளர்வதில்லை. காய்ந்த இடத்தில் ஹெதர், ஈரமான இடத்தில் பருத்திப்புல், சரிவுகளில் பெரணி என்று நிலம் மாறிக்கொண்டே இருக்கும். உயரமும் திறப்பும்தான் எங்கும் பொது. அப்புறம், ஹீத்லேண்ட் என்று தாழ்வான பகுதியில் ஒரு உறவுக்கார நிலம் உண்டு. தெற்கு இங்கிலாந்தின் டார்செட்டில் அதைப் பார்க்கலாம். அதற்குப் ‘புதர்வெளி’யை ஒதுக்கிவிட்டால் இரண்டும் குழம்பாது.

சரி, மூர்லேண்டோடு சேர்ந்தே வரும் மற்ற சொற்களையும் இப்போதே பேசிவிடுவது நல்லது.

டூரிங் சைக்கிளிங் என்பதற்குச் ‘சைக்கிள் சுற்றுலா’ என்று எழுதினால், யாரோ ஏற்பாடு செய்த வண்டியில் சுற்றிக்காட்டுவது போல ஒலிக்கிறது. ‘சைக்கிள் நெடும்பயணம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. சைக்கிளா மிதிவண்டியா என்ற பழைய வழக்கை மறுபடி திறக்க வேண்டாம், எழுதுபவர் விருப்பம். பிரிட்டனில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம்: நெடும்பயணக்காரர்களின் சங்கம் ஒன்று 1878இல், மேலே சொன்ன பூங்கா இருக்கும் அதே யார்க்ஷயரின் ஹாரோகேட் ஊரில் தொடங்கியது, அதுதான் இன்றைய சைக்கிளிங் யூகே. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஆபத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நட்டவர்களில் சைக்கிள் சங்கங்களும் உண்டு.

ஏற்றத்தின் அளவுக்குச் ‘சரிவு’ என்றே பலரும் எழுதுகிறோம். சரிவு என்றால் இடம். அதன் அளவைச் சொல்லக் கொத்தனார்கள் நாவில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: வாட்டம். தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் கொடுப்பதும் மலைச்சாலையின் வாட்டமும் ஒரே கணக்குதான். ரோஸ்டேல் அபேயை விட்டு ஏறும் சிம்னி பேங்க் சாலையின் உச்ச வாட்டம் மூன்றுக்கு ஒன்று, அதாவது 33 விழுக்காடு. கிடையாக மூன்று மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் மேலே போய்விடுவோம். பின்சக்கரத்துப் பக்கம் மட்டும் சுமை இருந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். ஈரமாக இருந்தால் பின்சக்கரம் வழுக்கும். அங்கே வண்டியை உருட்டிக்கொண்டு ஏறுவதுதான் அறிவு. அதைவிட ஆபத்து, அதே சாலையில் சுமையோடு இறங்குவது. ஆகவே ‘சராசரி வாட்டம்’, ‘உச்ச வாட்டம்’ என்று இரண்டையும் தனித்தனியே எழுதவேண்டும். சராசரியை மட்டும் எழுதினால் நடுவில் இருக்கும் செங்குத்து மறைந்துவிடும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களில் இதற்கு நல்ல முறை இருக்கிறது: வாட்டம் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரை இருந்தால் சாலைமேல் ஒற்றை அம்புமுனை, அதற்கும் செங்குத்தென்றால் இரட்டை, முனை இறக்கத்தைக் காட்டும். நம் குறிப்புகளிலும் ‘ஒற்றைமுனை ஏற்றம்’, ‘இரட்டைமுனை ஏற்றம்’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்தது சட்டம் சார்ந்த ஒரு சிக்கல். நடப்பவர்களுக்கு மட்டுமான ஃபுட்பாத், குதிரையிலும் போகக்கூடிய பிரைடில்வே இரண்டையும் ‘ஒற்றையடிப்பாதை’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கிறேன். இதை உடனே நிறுத்தவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமை உண்டு; நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிடவேண்டும், அவ்வளவுதான். ஃபுட்பாத்தில் அந்த உரிமை இல்லை. மேட்டுவெளியில் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி மண்தடமாக இருக்கும் என்பதால், எழுதும் சொல்லை நம்பித்தான் ஒருவர் வண்டியைத் திருப்புவார். ஃபுட்பாத்துக்கு ‘நடைவழி’, பிரைடில்வேக்குக் ‘குதிரைத்தடம்’ என்று உறுதியாகப் பிரித்துவிடலாம்.

கேட்டில் கிரிட் என்பதற்கும் சொல் வேண்டும். ஆடுமாடு தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே குழி வெட்டி, மேலே இடைவெளி விட்டுக் கம்பிகள் பதித்திருப்பார்கள். ‘கால்நடைத் தடுப்பு’ என்றால் வேலி என்று தோன்றும். ஜன்னல் கிராதி எல்லோருக்கும் தெரியும், எனவே ‘தரைக்கிராதி’.

இனி இவற்றை ஓடவிட்டுப் பார்ப்போம்:

“ரோஸ்டேல் அபேயில் இருந்து சிம்னி பேங்க் ஏற்றம். உச்ச வாட்டம் 33 விழுக்காடு. சுமையிருந்தால் உருட்டிச் செல்லவும். இரும்புச் சுரங்கத்துக்காகக் கட்டிய புகைபோக்கிதான் சாலைக்குப் பெயர் தந்தது. அதை 1972இல் இடித்துவிட்டார்கள். மேலே ஸ்பான்டன் மூர், திறந்த மேட்டுவெளி. ஆடுகள் சாலையில் படுத்திருக்கும். அங்கிருந்து ஹட்டன்-லி-ஹோல் ஊருக்கு இறக்கம். பிறகு வடக்கே பிளேக்கி ரிட்ஜ் மீது நீண்ட ஏற்றம். லயன் இன் விடுதி வரை ஒதுங்க இடமில்லை. வடகாற்று அடிக்கும் நாளில் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளவும். ரால்ஃப் கிராஸ் என்ற கற்சிலுவை அருகே வலப்பக்கம் பிரியும் சாலையில் ரோஸ்டேலுக்கு இறங்கலாம். தரைக்கிராதி வந்தால் வண்டியை நேராகப் பிடித்து, பிரேக் போடாமல் கடக்கவும். ஈரத்தில் கம்பி வழுக்கும்.”

இதே பத்தியில் மேட்டுவெளியை எடுத்துவிட்டு உங்கள் சொல்லைப் போட்டுப் படியுங்கள். பொருள் கூடுகிறது என்று பட்டால் வாக்கியத்தோடு எழுதுங்கள். ரிட்ஜுக்கு ‘மலைமுகடு’ போதுமா, இல்லை நீளத்தைக் காட்டும் வேறு சொல் வேண்டுமா என்பது மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அதற்கும் பரிந்துரை வேண்டும்.

அன்புடன்.