புதுப்பிப்பு: அத்தையின் நில வழக்கும் ஜெராக்ஸ் பத்திரமும்

அசல் இல்லாத கிரயப் பத்திர ஜெராக்ஸை எதிர்த்தரப்பு தாக்கல் செய்தால் என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் அது வந்தே விட்டது. நகலை நீட்டியதும் எங்கள் வக்கீல் எழுந்து, "அசல் எங்கே? ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள் ஐயா" என்றார். 'ஆட்சேபணைக்கு உட்பட்டு' என்று குறித்துத்தான் அதை மார்க் செய்தார்கள், அதாவது சான்று ஆவணமாக எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். தோற்றுவிட்டோம் என்று அத்தைக்கு முகம் வாடிவிட்டது. இல்லை அத்தை, நமக்கு வேண்டியதே அந்தக் குறிப்புதான்! அசலுக்குப் பதில் நகலை வைப்பது போல, நிரூபிக்கும் முறை சரியில்லை என்பதை மார்க் ஆகும்போதே சொல்லாவிட்டால் அப்பீலில் எழுப்ப முடியாது. இதை 2003-இல் வெங்கடாசல கவுண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முத்திரைத் தீர்வை குறைவு என்றால் இன்னும் கறார், அங்கேயே உத்தரவு கேட்க வேண்டும். வாயால் சொன்னதோடு விடாதீர்கள், கோர்ட் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் ஏறியதா என்று பாருங்கள். எங்களுக்கு ஏறியிருக்கிறது, அந்த வாக்குமூலத்தின் நகல் கேட்டு மனுவும் போட்டாச்சு. அடுத்தது குறுக்கு விசாரணை.